பிரசவம், கருத்தடை, ஐவிஎஃப்: ஓப்பன் என்ரோல்மென்ட்ல எந்த பிளானை எடுக்கறது?

அக்டோபர் நவம்பர்ல ஓப்பன் என்ரோல்மென்ட், அதாவது அடுத்த வருஷ இன்சூரன்ஸ் பிளானை தேர்ந்தெடுக்கற நேரம் வந்தாலே, அமெரிக்கால இருக்கற நம்ம ஆளுங்ககிட்ட இருந்து ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருது. "ரெண்டு பேர் ஆபீஸ்லயும் இன்சூரன்ஸ் இருக்கு, யாரோடதுல சேரறது? ஹெச்எஸ்ஏ பிளான் பிரீமியம் கம்மியா இருக்கே, அடுத்த வருஷம் குழந்தை பெத்துக்கலாம்னு இருக்கோம், சரி வருமா?" இப்படி. (ஹெச்எஸ்ஏன்னா மருத்துவச் செலவுக்கு வரி இல்லாம காசு சேக்கற கணக்கு.) பிரீமியத்தையும் டிடக்டிபிளையும் (பிளான் காசு கொடுக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நாம கைல இருந்து கட்டற தொகை) எக்செல்ல போட்டு பாத்துட்டு கையெழுத்து போட்டுடறாங்க. ஆனா கருத்தடை, கர்ப்பம், குழந்தையின்மை இந்த மூணு விஷயத்துலயும் அந்த எக்செல் கணக்கு உங்களை கைவிட்டுடும். ஒரே இன்சூரன்ஸ் கம்பெனி கார்டு, ஒரே டாக்டர், ஒரே ட்ரீட்மென்ட்டா இருந்தாலும் ஒருத்தருக்கு பில் பூஜ்யம், இன்னொருத்தருக்கு ஆயிரத்துக்கு மேல வரும், ரெண்டுமே விதிப்படி சரியாவும் இருக்கும். அதனால முதல்ல எதை வெச்சு எடை போடறதுன்னு சொல்லிடறேன், அப்பறம் ஒவ்வொரு பிளானா போகலாம்.

## எதை வெச்சு எடை போடறது

காசு கொடுக்கறது யாரு? கார்டுல பெரிய இன்சூரன்ஸ் கம்பெனி லோகோ இருக்கும், ஆனா பெரிய கம்பெனிகள்ல பெரும்பாலும் உங்க கிளெய்முக்கு காசு கொடுக்கறது உங்க ஆபீஸ்தான், லோகோக்காரங்க பேப்பர் வேலை மட்டும்தான் பாக்கறாங்க. இது செல்ஃப்-ஃபண்டட். இன்சூரன்ஸ் கம்பெனியே ரிஸ்க் எடுத்துக்கிட்டா ஃபுல்லி இன்ஷூர்ட். மாநில இன்சூரன்ஸ் சட்டம் இந்த ரெண்டாவது வகையை மட்டும்தான் கட்டுப்படுத்தும், ஆபீஸ் பிளான்களுக்காக 1974ல வந்த எரிசாங்கற ஃபெடரல் சட்டத்தால செல்ஃப்-ஃபண்டட் பிளான் மேல மாநிலம் கை வைக்க முடியாது. கலிஃபோர்னியால 2024லருந்து வாசெக்டமிக்கு (ஆண்களுக்கான கருத்தடை ஆபரேஷன்) பொதுவா காசு வாங்கக் கூடாது, 2026லருந்து பெரிய குரூப் பிளான்கள் (பெரிய கம்பெனிகள் ஊழியர்களுக்காக எடுக்கறது) ஐவிஎஃப் (சோதனைக் குழாய் கருத்தரிப்பு) கொடுக்கணும். அதை செய்தில படிச்சுட்டு சான் ஹோசேல ஒருத்தர் தன்னோட பெரிய டெக் கம்பெனி பிளான்ல அதெல்லாம் தானா வந்துடும்னு நெனச்சா, அந்த பிளான் செல்ஃப்-ஃபண்டடா இருந்தா அந்த சட்டம் அவருக்கு இல்ல. கம்பெனி தானா மனசு வெச்சு கொடுத்தாதான் உண்டு. எச்ஆர்கிட்ட முதல்ல கேக்க வேண்டிய கேள்வி இதுதான்.

ஃபெடரல் சட்டம் எது வரைக்கும் காப்பாத்தும்? 2010ல வந்த அஃபோர்டபிள் கேர் ஆக்ட் கீழ, 2012 ஆகஸ்ட்லருந்து ஆரம்பிக்கற பிளான் வருஷங்களுக்கு பெண்களுக்கான கருத்தடை டிடக்டிபிள், கோ-பே (ஒவ்வொரு தடவையும் நாம கட்டற தொகை) எதுவும் இல்லாம கிடைக்கணும். மாத்திரை, ஊசி, கைல வைக்கற இம்பிளான்ட், ஐயுடி (கருப்பைக்குள்ள வைக்கற சாதனம்), பெண்களுக்கான ஃபேமிலி பிளானிங் ஆபரேஷன் எல்லாம் இதுல வரும். ஆனா இதுல ஓட்டை நெறைய. ஒவ்வொரு வகைலயும் குறைஞ்சது ஒண்ணு ஃப்ரீயா இருந்தா போதும், நீங்க சாப்பிடற பிராண்டே ஃப்ரீயா இருக்கணும்னு இல்ல. நெட்வொர்க் டாக்டர்கிட்ட (பிளானோட ஒப்பந்தம் இருக்கறவங்க) போனாதான் ஃப்ரீ. வாசெக்டமி ஃபெடரல் லிஸ்ட்லயே கிடையாது. 2010 மார்ச் 23க்கு முன்னாடி இருந்தே பெருசா மாறாம வர்ற பழைய பிளான்களுக்கும் இது பொருந்தாது.

அடுத்த பன்னெண்டு மாசத்துல உங்களுக்கு என்ன வேணும்? குழந்தை இப்போ வேணாம்னு இருக்கறவங்க, இந்த வருஷம் வேணும்னு இருக்கறவங்க, முயற்சி பண்ணி நடக்காதவங்க, பெத்து முடிச்சாச்சு ஆபரேஷன் பண்ணிக்கலாம்னு இருக்கறவங்க, இந்த நாலு பேருக்கும் ஒரே பிளான் நல்லதா இருக்க வாய்ப்பே இல்ல.

எந்த ஆஸ்பத்திரி? இதை யாருமே பாக்கறதில்ல. கத்தோலிக்க மருத்துவமனைகள்ல அவங்க மத விதிமுறைப்படி கருத்தடை ஆபரேஷன் பொதுவா பண்ண மாட்டாங்க. உங்க இன்சூரன்ஸ் முழுசா கொடுக்கும், டாக்டரும் பண்ணத் தயாரா இருப்பாங்க, ஆனா சிசேரியன் பண்ணும்போதே ட்யூபையும் கட்டிடலாம்னு நீங்க கேட்டா அந்த ஆஸ்பத்திரில முடியாது. அப்பறம் தனியா இன்னொரு ஆபரேஷன், இன்னொரு தடவை மயக்க மருந்து, கைக்குழந்தையை வெச்சுக்கிட்டு இன்னொரு தடவை லீவு. டாக்டர் எந்த ஆஸ்பத்திரில டெலிவரி பாக்கறாங்கன்னு இப்பவே கேட்டு வெச்சுக்கங்க.

பில்லுல என்ன கோடு? இதை கொஞ்சம் நின்னு பாக்கணும். ஹார்மோன் ஐயுடி ஒண்ணு வெச்சுக்கிட்ட ஒரு பொண்ணோட ஈஓபி பாத்தேன், அதாவது கிளெய்ம் முடிஞ்சதும் இன்சூரன்ஸ் அனுப்பற கணக்கு காகிதம். வைக்கற வேலைக்கு ஒரு வரி, அந்த சாதனத்துக்கு ஒரு வரி, அதுக்கு முன்னாடி பண்ண பிரெக்னன்சி டெஸ்ட்டுக்கு ஒரு வரி. மூணுக்கும் எதிர்ல நோயின் காரணம்னு போட்டிருந்த கோடு என் 92.0, அதாவது அதிக உதிரப்போக்கு. அந்த ஒரு கோடாலயே மொத்தமும் ட்ரீட்மென்ட் கணக்குல போய், டிடக்டிபிள்ல விழுந்து, சாதனத்தோட விலை மட்டுமே ஆயிரம் டாலருக்கு மேல அவங்க தலைல. அவங்க கருத்தடைக்காகவும்தான் கேட்டிருந்தாங்க, டாக்டர்கிட்ட பேசும்போது பீரியட்ஸ்ல அதிகமா போகுதுன்னும் சொன்னாங்க, ஆபீஸ்ல பில் போடறவங்க அதை மட்டும் எழுதிட்டாங்க. கருத்தடைக்கு ஐயுடி வைக்கறதுக்கான கோடு இசட் 30.430, ஆபரேஷனுக்கு இசட் 30.2, கூட ப்ரிவென்டிவ்னு, அதாவது ஃப்ரீ லிஸ்ட்ல வர்ற தடுப்பு கவனிப்புன்னு, காட்டற துணைக்கோடு மாடிஃபையர் 33. ரெண்டு காரணமும் உண்மைலயே இருந்தா கருத்தடை கோடை முதல்ல போட்டு கிளெய்மை திரும்ப அனுப்ப டாக்டர் ஆபீஸ்ல கேக்கலாம். இந்த வித்தியாசம் எந்த பிளான் எடுத்தாலும் வரும், ஆனா டிடக்டிபிள் பெருசா இருக்கற பிளான்ல அடியும் பெருசு.

## ஆபீஸ் பிபிஓ

பிபிஓன்னா நெட்வொர்க்குக்கு வெளிலயும் டாக்டரைப் பாக்க விடற பிளான். பிரீமியம் அதிகம், டிடக்டிபிள் கம்மி, டாக்டரை தேர்ந்தெடுக்க வழி நெறைய. கருத்தடை மட்டும்தான் வேணும்னா இதுக்கு அதிக பிரீமியம் கட்டறது பெரும்பாலும் வீண், ஏன்னா அந்த ஜீரோ டாலர் கருத்தடை மத்த பிளான்லயும் இதே மாதிரிதான் கிடைக்கும்.

பிரசவம் வேற கதை. இங்க நெறைய பேர் குழம்பறாங்க, கர்ப்ப கால செக்கப் ஃப்ரீன்னு கேள்விப்பட்டு டெலிவரியும் ஃப்ரீன்னு நெனச்சுக்கறாங்க. வழக்கமான செக்கப் விசிட், சர்க்கரை பரிசோதனை, பிரெஸ்ட் பம்ப், தாய்ப்பால் ஆலோசனை இதெல்லாம் ப்ரிவென்டிவ். ஸ்கேன், நெறைய லேப் டெஸ்ட், எபிட்யூரல் (பிரசவ வலியைக் குறைக்கற ஊசி), ஆஸ்பத்திரி ரூம் எல்லாம் டிடக்டிபிள், கோ-இன்சூரன்ஸ் (டிடக்டிபிளுக்கு அப்பறம் நாம கட்டற சதவீதம்) கணக்குதான். பீட்டர்சன்-கேஎஃப்எஃப்ங்கற ஆய்வுக் குழு 2022ல வெளியிட்ட கணக்குப்படி பெரிய கம்பெனி பிளான்கள்ல கர்ப்பம், பிரசவம், அதுக்கப்புறம் பாக்கற கவனிப்பு எல்லாம் சேத்து சராசரியா 18,865 டாலர் கூடுதல் செலவு, அதுல குடும்பம் கைல இருந்து கொடுத்தது 2,854 டாலர். இது இன்சூரன்ஸ் இருந்தவங்களோட கணக்கு.

மறைஞ்சிருக்கற செலவுன்னா, குழந்தை பொறந்த நிமிஷத்துலருந்து அது தனி பேஷன்ட். அம்மா டிடக்டிபிளை முடிச்சிருந்தாலும் குழந்தைக்குன்னு தனி டிடக்டிபிள் ஓட ஆரம்பிக்கும், என்ஐசியுல (பச்சைக் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு) நாலு நாள் இருந்தா சொல்லவே வேணாம். அதனால பிபிஓலயும் குடும்பத்தோட அவுட்-ஆஃப்-பாக்கெட் உச்சவரம்பை, அதாவது ஒரு வருஷத்துல கைல இருந்து கட்டற அதிகபட்சத் தொகையைத்தான் பாக்கணும்.

கர்ப்பம்னு தெரிஞ்சிருச்சு, ஸ்பெஷலிஸ்ட் பாக்கணும், இல்லன்னா ரெட்டைக் குழந்தை, சுகர், பிபின்னு ஏதாவது இருக்குன்னா பிபிஓ பக்கம் சாயறதுல தப்பில்ல.

## ஹெச்டிஹெச்பி, கூட ஹெச்எஸ்ஏ

ஹெச்டிஹெச்பின்னா டிடக்டிபிள் பெருசா இருக்கற பிளான், இதோடதான் ஹெச்எஸ்ஏ வரும். 2026க்கு இந்த வகை பிளானோட டிடக்டிபிள் குறைஞ்சது தனி ஆளுக்கு 1,700, குடும்பத்துக்கு 3,400 டாலர், கைல இருந்து கட்டற உச்சவரம்பு அதிகபட்சம் 8,500, குடும்பத்துக்கு 17,000. ஹெச்எஸ்ஏல 4,400, குடும்பமா இருந்தா 8,750 வரைக்கும் போடலாம். பெண்களுக்கான கருத்தடை இங்கயும் டிடக்டிபிளுக்கு முன்னாடியே ஃப்ரீ.

வாசெக்டமிதான் இங்க சிக்கல். 2018ல வரித்துறையான ஐஆர்எஸ் தெளிவா சொல்லிடுச்சு, ஆண்களோட ஆபரேஷன் ப்ரிவென்டிவ் இல்ல, டிடக்டிபிளுக்கு முன்னாடி அதை ஃப்ரீயா கொடுக்கற பிளான் ஹெச்எஸ்ஏவுக்கு தகுதியான பிளானே இல்லன்னு. அதனால மாநில சட்டம் இருந்தாலும் இந்த பிளான்ல வாசெக்டமிக்கு முதல்ல டிடக்டிபிளை கட்டணும். எனக்கு இதைப் பாத்தா ரொம்பவே வருத்தமா இருக்கும். பொம்பளைங்க பண்ணிக்கற ஆபரேஷன் வயித்துல துளை போட்டு, முழு மயக்கம் கொடுத்து பண்றது, ஆம்பளைங்களுது அரை மணி நேரத்துல கிளினிக்லயே முடியறது. சுலபமானதுக்கு காசு, கஷ்டமானது ஃப்ரீன்னு வெச்சா வீட்ல எது நடக்கும்? பல வீட்ல அந்த சில நூறு டாலருக்காக மனைவிதான் ஆபரேஷன் டேபிள்ல படுக்கறாங்க. தயவு செஞ்சு அதைப் பண்ணாதீங்க, ஹெச்எஸ்ஏ காசை வாசெக்டமிக்கு தாராளமா எடுக்கலாம். ஆணுறைக்கும் சீட்டு இல்லாத மாத்திரைக்கும்கூட எடுக்கலாம்.

வேற ஒளிஞ்சிருக்கற விஷயங்கள்: பல குடும்ப ஹெச்டிஹெச்பில மொத்த குடும்ப டிடக்டிபிளும் முடிஞ்சாதான் யாருக்குமே பிளான் கொடுக்க ஆரம்பிக்கும். அம்மா தனி ஆளா இருந்துட்டு குழந்தை பொறந்ததும் சேத்தா, வருஷ நடுவுலயே குடும்ப டிடக்டிபிளுக்கு மாறிடும். கர்ப்பம் ரெண்டு காலண்டர் வருஷத்துல விழுந்தா, ஸ்கேன் லேப் எல்லாம் முதல் வருஷ டிடக்டிபிள்ல, டெலிவரி ரெண்டாவது வருஷத்துல, ரெண்டு தடவை கட்டணும். கணவரோட ஆபீஸ்ல சாதாரண எஃப்எஸ்ஏ (மருத்துவச் செலவுக்கு ஆபீஸ் வழியா வரி இல்லாம ஒதுக்கற கணக்கு) எடுத்திருந்தா மனைவி ஹெச்எஸ்ஏல காசு போட முடியாது. கலிஃபோர்னியாலயும் நியூ ஜெர்சிலயும் ஹெச்எஸ்ஏவுக்கு மாநில வரி விலக்கு இல்ல.

இவ்வளவும் சொல்லிட்டு ஒண்ணு சொல்றேன், பிரசவ வருஷத்துலகூட ஹெச்டிஹெச்பி ஜெயிக்கற நேரம் உண்டு. வருஷ பிரீமியத்தோட அவுட்-ஆஃப்-பாக்கெட் உச்சவரம்பை கூட்டுங்க, கம்பெனி ஹெச்எஸ்ஏல போடற காசை கழிங்க. ரெண்டு பிளானுக்கும் இதே கணக்கைப் போட்டு எது சின்னதோ அதுதான் மோசமான வருஷத்துக்கு மலிவான பிளான். ஆனா டெலிவரி முடிஞ்ச மாசம் அஞ்சாறாயிரம் டாலர் கைல இருக்கணும், இல்லன்னா இந்த கணக்கு பேப்பர்ல மட்டும்தான்.

## கணவர் அல்லது மனைவி ஆபீஸ் பிளான்

ஐவிஎஃப் தேவைப்படறவங்க முதல்ல பாக்க வேண்டியது இதைத்தான். ஃபெடரல் சட்டத்துல ஐவிஎஃப் கட்டாயம் இல்ல. நியூ யார்க்ல பெரிய குரூப் பிளான் மூணு சைக்கிள் (ஒரு முழு சுற்று சிகிச்சைதான் ஒரு சைக்கிள்) கொடுக்கணும், மாசசூசெட்ஸ்ல 1987லருந்தே சட்டம் இருக்கு, டெக்சாஸ்ல இன்சூரன்ஸ் கம்பெனி ஆஃபர் பண்ணா போதும், ஆபீஸ் வாங்கணும்னு இல்ல. செல்ஃப்-ஃபண்டட்னா இது எதுவுமே ஒட்டாது. ஒரு சைக்கிள் மருந்தோட சேத்து 20,000 டாலரைத் தாண்டறது சாதாரணமா நடக்கறதால, யாரோட ஆபீஸ் இதைக் கொடுக்குதோ அங்க போறது மாசம் சில நூறு டாலர் பிரீமியம் அதிகமானாலும் லாபம்தான். கேக்கும்போது "ஐவிஎஃப் இருக்கா"ன்னு மட்டும் கேக்காதீங்க. வாழ்நாள் வரம்பு எவ்வளவு, அது டாலர் கணக்கா சைக்கிள் கணக்கா, மருந்து அதே வரம்புலயா ஃபார்மசில தனியா, முன் அனுமதி வேணுமான்னு கேளுங்க. பல பிளான்ல ஏன் குழந்தை தங்கலன்னு கண்டுபிடிக்கற டெஸ்ட் வரைக்கும் கவர் ஆகும், அதுக்கப்பறம் ட்ரீட்மென்ட்னு வந்ததும் நின்னுடும்.

எச்சரிக்கை ரெண்டு. உங்களுக்கு சொந்த ஆபீஸ்ல இன்சூரன்ஸ் இருந்தும் இங்க சேந்தா பல கம்பெனிகள் ஸ்பௌஸ் சர்சார்ஜ்னு மாசாமாசம் எக்ஸ்ட்ரா பிடிப்பாங்க. ரெண்டாவது, அந்த ஆபீஸ் மத நிறுவனமா, மத நம்பிக்கை உள்ள ஒரு குடும்பம் நடத்தற தனியார் கம்பெனியான்னு பாருங்க. 2014ல ஹாபி லாபி வழக்குல சுப்ரீம் கோர்ட், சில பேர் கைலயே இருக்கற தனியார் கம்பெனிகள் மத காரணம் சொல்லி கருத்தடை கவரேஜ் கட்டாயத்துல இருந்து விலகலாம்னு தீர்ப்பு கொடுத்துச்சு, 2020ல லிட்டில் சிஸ்டர்ஸ் வழக்குல அந்த விலக்கை விரிவாக்கின அரசு விதிகளும் அப்போதைக்கு நிலைச்சுது. கத்தோலிக்க யுனிவர்சிட்டில படிக்கற பொண்ணுங்க, அந்த மாதிரி ஆஸ்பத்திரில வேலை பாக்கற நர்ஸ், டாக்டருங்களுக்கும் இந்தப் பிரச்சனை வரலாம். வேலைல சேந்த அப்பறம் பார்மசி கவுன்டர்ல தெரிஞ்சுக்கறதுக்கு பதிலா சேரும்போதே எச்ஆர்கிட்ட எழுத்துல கேக்கலாம்.

26 வயசு வரைக்கும் பொண்ணு அப்பா அம்மா பிளான்ல இருக்கலாம், அவங்களுக்கும் கருத்தடை கவர் ஆகும். ஆனா ஈஓபி பாலிசி யார் பேர்ல இருக்கோ அவங்க வீட்டுக்குத்தான் வரும். தனி விலாசத்துக்கோ தனி ஆன்லைன் கணக்குக்கோ அனுப்பச் சொல்லி இன்சூரன்ஸ் கம்பெனிகிட்ட கான்ஃபிடென்ஷியல் கம்யூனிகேஷன் ரிக்வெஸ்ட் கொடுக்கலாம். பெரியவளான பொண்ணுக்கு அந்த உரிமை இருக்குன்னு அப்பா அம்மாவும் தெரிஞ்சுக்கறது நல்லது. இன்னொண்ணு, பெரிய கம்பெனி பிளான்கள் சிலதுல மகளோட பிரசவச் செலவு கவர் ஆகாது.

## மார்க்கெட்பிளேஸ் பிளான்

இது அரசு ஏற்பாடு பண்ணின இன்சூரன்ஸ் சந்தைல நாமளே வாங்கற பிளான். வேலை போனவங்க, ஃப்ரீலான்ஸ் பண்றவங்க, ஆபீஸ்ல இன்சூரன்ஸ் இல்லாதவங்களுக்கு. ஹெச்1பி, ஹெச்4, எஃப்1ல இருக்கறவங்களும் வாங்கலாம். இங்க ஒரு பெரிய நிம்மதி, கர்ப்பமும் பிரசவமும் 2014லருந்து கட்டாயம் இருக்க வேண்டிய பலன், ஏற்கனவே கர்ப்பமா இருந்தாலும் மறுக்க முடியாது. கருத்தடையும் ஜீரோ. ஃபுல்லி இன்ஷூர்ட்ங்கறதால மாநில சட்டம் முழுசா பொருந்தும், மேரிலாண்ட், இல்லினாய், ஓரிகன் மாதிரி இடங்கள்ல வாசெக்டமியும் சேத்து.

குறைன்னா நெட்வொர்க் பெரும்பாலும் ரொம்ப சின்னது, ஐவிஎஃப் பல மாநிலத்துல இல்ல, மானியமும் எல்லாருக்கும் கிடைக்காது. 2021ல கூட்டின மானியம் 2025 முடிவு வரைக்கும்தான் சட்டத்துல இருந்துச்சு. 2025ல வந்த புது சட்டப்படி 2027லருந்து ஹெச்1பி, எஃப்1 மாதிரி விசால இருக்கறவங்களுக்கு மானியமே கிடையாது. கருக்கலைப்பு விஷயத்துல மாநிலத்துக்கு மாநிலம் நேர் எதிர். ஏறக்குறைய பாதி மாநிலங்கள் மார்க்கெட்பிளேஸ் பிளான்கள்ல இதை தடை பண்ணி வெச்சிருக்கு, டெக்சாஸ்ல மாநிலம் கட்டுப்படுத்தற மத்த தனியார் பிளான்லயும் அவசர நிலை தவிர கிடையாது, கலிஃபோர்னியா நியூ யார்க்ல கட்டாயம் கொடுக்கணும்.

கர்ப்பம்னு தெரிஞ்ச அப்பறம் வருஷ நடுவுல சேந்துக்கலாம்னு மட்டும் இருக்காதீங்க. ஃபெடரல் மார்க்கெட்பிளேஸ்ல கர்ப்பம் ஒரு தகுதிக் காரணம் இல்ல, குழந்தை பொறந்தாதான். நியூ யார்க் மாதிரி சில மாநிலங்கள்ல மட்டும் கர்ப்பத்துக்கே கதவு திறக்கும். வேலை போனவங்களுக்கு கோப்ராவும் (பழைய ஆபீஸ் பிளானையே சொந்தக் காசுல தொடர்றது) இருக்கு, முடிவு பண்ண 60 நாள் டைம், முன்தேதில இருந்தே செல்லும், விலை அதிகம்தான். ஆனா ஏழாவது மாசத்துல டாக்டரை மாத்த வேணாம், ஏற்கனவே கட்டின டிடக்டிபிளும் வீண் போகாது.

## ஷார்ட் டேர்ம் பிளான், ஷேரிங் குரூப்

பிரீமியம் பாதிதான் இருக்கும், பேர்லயும் ஹெல்த்னு இருக்கும். ஷார்ட் டேர்ம் பிளானுக்கு (கொஞ்ச காலத்துக்கு மட்டும் எடுக்கறது) மேல சொன்ன ஃபெடரல் விதி எதுவும் இல்ல, பிரசவம் பெரும்பாலும் விலக்குப் பட்டியல்லயே இருக்கும். மத அடிப்படைல நடக்கற ஷேரிங் குரூப் (உறுப்பினர்கள் ஒருத்தர் பில்லை ஒருத்தர் பகிர்ந்துக்கறது) இன்சூரன்ஸே இல்ல, பில்லைக் கொடுத்தே ஆகணும்னு சட்டம் அவங்களைக் கட்டாயப்படுத்தாது. கர்ப்பம் ஆகற வாய்ப்பு உள்ள யாருக்கும் நான் இதை சொல்ல மாட்டேன்.

## இன்சூரன்ஸைத் தொடாம கைக்காசு

கருத்தடைக்கு மட்டும் இது சில நேரம் நல்ல வழி. ஓப்பில்ங்கற மாத்திரைக்கு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2023 ஜூலைல சீட்டு இல்லாம விக்க அனுமதி கொடுத்துச்சு, 2024ல கடைக்கு வந்தப்போ ஒரு மாச பாக்கெட் 19.99, மூணு மாசத்துக்கு 49.99 டாலர். சீட்டு இல்லாம வாங்கினா ஃபெடரல் விதிப்படி இன்சூரன்ஸ் கொடுக்கணும்னு கட்டாயம் இல்ல, டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தா பல பிளான்ல ஜீரோ ஆகிடும். வீட்டுக்கு ஈஓபி வரக் கூடாதுன்னு இருக்கறவங்க, மத நிறுவன பிளான்ல மாட்டினவங்க டைட்டில் டென் கிளினிக் போகலாம், 1970லருந்து நடக்கற ஃபெடரல் திட்டம், வருமானத்துக்கு ஏத்த கட்டணம். ஐயுடி, ஆபரேஷன், பிரசவத்துக்கு கைக்காசு வேலைக்கு ஆகாது.

## கையெழுத்து போடறதுக்கு முன்னாடி

ஒவ்வொரு பிளானுக்கும் எஸ்பிசின்னு ஒரு சுருக்கம் கொடுத்தே ஆகணும். அதோட கடைசிப் பக்கத்துல பெக்ங்கற ஒரு பொண்ணு குழந்தை பெத்துக்கறதா ஒரு மாதிரிக் கணக்கு எல்லா பிளான்லயும் இருக்கும், டிடக்டிபிள் எவ்வளவு, கோ-இன்சூரன்ஸ் எவ்வளவு, மொத்தம் பெக் கட்டறது எவ்வளவுன்னு. நீங்க பாக்கற பிளான்களோட அந்தப் பக்கத்தை எல்லாம் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க, அஞ்சு நிமிஷ வேலை. அதுக்கு முந்தின பக்கங்கள்ல விலக்குப் பட்டியல் இருக்கும், குழந்தையின்மை சிகிச்சை அதுல இருக்கான்னு பாத்துடுங்க.

நீங்க சாப்பிடற மாத்திரை ஃப்ரீ லிஸ்ட்ல இல்லன்னு வெச்சுக்கங்க, மத்த மாத்திரை ஒத்துக்கலன்னு டாக்டர் எழுதிக் கொடுத்தா விதிவிலக்கு கேக்கலாம், டாக்டர் இதுதான் தேவைன்னு சொன்னா பிளான் அதை மதிச்சு ஜீரோ டாலர்ல கொடுக்கணும். ஆபரேஷனுக்கு மயக்க மருந்து பில் தனியா வந்தாலும் அதுவும் ப்ரிவென்டிவோட சேந்ததுதான், கட்டறதுக்கு முன்னாடி அப்பீல் பண்ணுங்க.

குழந்தை பொறந்ததும் ஆபீஸ் பிளான்ல சேக்க பொதுவா 30 நாள்தான் இருக்கு, மார்க்கெட்பிளேஸ்ல 60. தூக்கமே இல்லாத அந்த மாசத்துல இது மறந்து போகும், அதனால ஆஸ்பத்திரி பையை ரெடி பண்ணும்போதே எச்ஆர் ஃபார்மையும் பாதி நிரப்பி வெச்சுடுங்க, சோஷியல் செக்யூரிட்டி நம்பர் வர்ற வரைக்கும் காத்திருக்கணும்னு அவசியம் இல்ல. ரெண்டு பேர் பிளான்லயும் குழந்தையை சேத்தா, பொதுவா காலண்டர்ல யாரோட பிறந்தநாள் முன்னாடி வருதோ அவங்க பிளான்தான் முதல்ல கட்டும், அது டிடக்டிபிள் பெருசா இருக்கற பிளான்னா ரெண்டுலயும் சேக்காம நல்ல பிளான் ஒண்ணுல மட்டும் சேத்துடுங்க.